நாட்டுக்குப் பார்த்த சீட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் மயிலாப்பூர் கச்சேரி ரோடு வழியாகப் போனவர்கள், ஜோன் தட்டச்சு நிலையத்தின் வாசலில் ஒரு கரும்பலகையைப் பார்த்திருப்பார்கள். இடது பாதியில் லோயர், ஹையர், சுருக்கெழுத்து வகுப்புகளின் நேரம். வலது பாதியில் ‘இந்த வார உலகம்’ என்று தலைப்பு, கீழே மூன்று நாடுகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி. ‘ரஷ்யா: தலைவலி தீராது’ என்கிற மாதிரி. அடியில் சின்ன எழுத்தில் ஓர் எச்சரிக்கை: ‘இதைப் படித்துவிட்டு யாரும் பயணம் கிளம்பவும் வேண்டாம், கிளம்புகிற பயணத்தை நிறுத்தவும் வேண்டாம்.’ பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கடைசி வரி சும்மா வந்ததில்லை.

எழுதியவர் கரோல் மிஸ். இந்தக் கதை நடந்த தொண்ணூறாம் வருஷத்தில் அவருக்கு நாற்பத்தேழு வயது. அப்பா ஜோன் விட்டுப்போனது பன்னிரண்டு டைப்ரைட்டர், ஒரு டெலிபோன், ஒரு குணம். டைப்ரைட்டரில் இரண்டு ஓடாது. டெலிபோன் மழை வந்தால் பேசாது. குணம் மட்டும் எந்தப் பருவத்திலும் கெட்டதில்லை. சாயங்காலம் கதவைப் பூட்டும்போது, அன்றைக்கு யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டுமோ அவர்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பூட்டுவார். “பால்காரர் பொன்னுரங்கம் நேரத்துக்கு வந்தாரு, நன்றி. மூணாம் நம்பர் மிஷின் சிக்காம ஓடிச்சு, நன்றி.” கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, “கேட்டதுக்கு நன்றி” என்பார். அதற்கு மேல் யார் வாயைத் திறப்பது?

டாரட் சீட்டுக்கட்டு அவர் கைக்கு வந்தது எண்பத்தைந்தில். அவரிடம் சுருக்கெழுத்து படித்துவிட்டு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த பெண், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது கொடுத்துவிட்டுப் போனாள். அவளுடைய வெள்ளைக்கார முதலாளி மேஜை இழுப்பறையில் மறந்து வைத்துவிட்டுப் போனதாம். ரம்மி ஆடலாம் என்று பிரித்த கரோல் மிஸ் திடுக்கிட்டுப் போனார். எழுபத்தெட்டுச் சீட்டு. ராஜா, ராணி இருந்தார்கள். கூடவே சாவு இருந்தது, சாத்தான் இருந்தான், ஒருத்தன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். பலன் சொல்லும் சின்னப் புத்தகம் ஒன்றும் பெட்டிக்குள் இருந்தது. விட்டாரா? ஒரு மாதம் உட்கார்ந்து அந்தப் புத்தகம் முழுவதையும் தமிழ் டைப்ரைட்டரில், இரண்டு கார்பன் பிரதியோடு, மொழிபெயர்த்து முடித்தார். பிரதி யாருக்கு என்று கேட்காதீர்கள். டைப் அடித்தே வளர்ந்தவர்களுக்குக் கார்பன் வைக்காமல் கை ஓடாது.

ஆனால் சாந்தோம் பங்கில் பிறந்து வளர்ந்தவருக்கு மனசு உறுத்தாமல் இருக்குமா? மேத்யூ ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“மனுஷங்களுக்குத் தலையெழுத்துப் பார்க்கிறது பாவம்மா. செய்யாதே” என்றார் ஃபாதர்.

“நாடுங்களுக்குப் பார்க்கலாமா, ஃபாதர்?”

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. பிறகு, “மூணு பரலோக மந்திரம் சொல்லிடு” என்று மட்டும் பதில் வந்தது. கூடாது என்று சொல்லவில்லை அல்லவா? அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார் கரோல் மிஸ். அன்றிலிருந்து அவர் சட்டம் இதுதான்: நாட்டுக்கு உண்டு, ஆளுக்குக் கிடையாது. பெண்ணுக்கு வரன் எப்போது அமையும், பையனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று வந்து நின்றவர்களையெல்லாம், “ஜப்பானுக்கு வேணா பார்த்துச் சொல்றேன்” என்று திருப்பி அனுப்பினார்.

அவருக்குக் கூட்டாளி அடுத்த கட்டடத்து மாடியில் இருந்த வேம்பு மாமா. ரிடையரான சர்க்கார் அதிகாரி. இங்கிலீஷ் பேப்பரைத் தலைப்பிலிருந்து அச்சிட்டவர் பெயர் வரை படிக்கிறவர். சனிக்கிழமை நாலு மணிக்கு வகுப்பு முடிந்ததும் அந்த வாரத்துக்கு மூன்று நாடுகளை மாமா சொல்வார். கரோல் மிஸ் உள்ளே தன் மேஜையில் நாட்டுக்கு ஒரு சீட்டு எடுத்து, பலனை வெளியே வந்து பலகையில் எழுதுவார். “கிளி இல்லாத கிளி ஜோசியம்” என்று மாமா கேலி செய்வார். ஆனால் ஒரு சனிக்கிழமை தவறமாட்டார்.

பலகைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பெர்லின். சுவர் விழுந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ரேடியோவில் கேட்டுவிட்டு, சனிக்கிழமை ‘ஜெர்மனி: கல் பெயரும், கை சேரும்’ என்று கரோல் மிஸ் எழுதினார். ஒரே மாதத்தில் தெரு அந்தச் சனிக்கிழமையைச் சுவர் விழுந்ததற்கு முன்னால் தள்ளிவைத்துவிட்டது. மிஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம்! அவரும் ஒன்றிரண்டு பேரிடம் தேதியைச் சொல்லித் திருத்திப் பார்த்தார். பிறகு திருத்துவதை விட்டுவிட்டார். புகழ் யாருக்குத்தான் கசக்கும்?

எதிர்ச் சந்தில் குடியிருந்தவள் ஷகீலா. கல்யாணத்துக்கு முன்பு ஏழாம் நம்பர் மிஷினில் உட்கார்ந்து லோயர் பாஸ் செய்தவள். கணவன் காதர் குவைத்தில் கிரேன் மெக்கானிக். பிறந்த பெண் குழந்தையைப் பார்க்க லீவில் வந்திருந்தான். லீவு முடிகிற சமயம், ஈராக் பட்டாளம் குவைத் எல்லையில் குவிகிறது என்று பேப்பர்கள் எழுத ஆரம்பித்தன. போக வேண்டாம் என்றாள் ஷகீலா. பேப்பர்காரனுக்கு வேறு வேலை இல்லை என்றான் காதர். ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் பலகை என்ன சொல்கிறதோ அதன்படி செய்வது என்று முடிவானது.

ஜூலை இருபத்தெட்டு, சனிக்கிழமை. நாலு மணிக்கே இருவரும் வாசலில் வந்து நின்றார்கள்.

“இன்னா மிஸ், குவைத்துக்கு இன்னா வருதுன்னு கொஞ்சம் பாருங்களேன்” என்றான் காதர், சிரித்துக்கொண்டே. “எனக்குன்னு பார்க்க வாணாம். உங்க ரூல் தெரியும். நாட்டுக்குப் பாருங்க. போர்டுல போட்டா இவ கேட்டுக்குவா.”

கரோல் மிஸ் உள்ளே போய் சீட்டைக் குலுக்கி ஒன்றை எடுத்தார். இடி விழுந்த கோபுரம். உச்சி பிளந்து தீப்பற்றி எரிய, மேலிருந்து இரண்டு பேர் தலைகுப்புற விழுகிற படம். சாவுச் சீட்டைக்கூட எப்படியாவது நல்லதாகத் திருப்பிச் சொல்லலாம் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. கோபுரத்துக்கு அப்படி ஒரு சால்ஜாப்பும் இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். குழந்தை காதரின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. இதை அப்படியே எழுதினால் அது குவைத்துக்குச் சொன்ன பலன் ஆகாது, காதருக்குச் சொன்ன பலன் ஆகிவிடும். ஆளுக்குப் பார்ப்பதில்லை என்கிற சட்டம் என்னாவது? அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு இப்படி ஒரு நியாயம் தோன்றியது. நேராகச் சொல்லப் பயந்தார் என்பதுதான் விஷயம். பயந்தவர்களுக்கு நியாயம் கண்டுபிடிக்கச் சொல்லியா தர வேண்டும்? சீட்டைக் கவிழ்த்துக் கட்டுக்குள் செருகிவிட்டு வெளியே வந்தார். சாக்பீஸை எடுத்து, ‘குவைத்: சலசலப்பு அடங்கும். பயம் வேண்டாம்’ என்று எழுதினார்.

“பார்த்தியா?” என்றான் காதர். ஷகீலா அந்த வரியை இரண்டு தரம் படித்தாள்.

திங்கட்கிழமை காதர் விமானம் ஏறினான். வியாழக்கிழமை ஈராக் பட்டாளம் குவைத்துக்குள் புகுந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, ஏழெட்டுப் பேர் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஷகீலா இடுப்பில் குழந்தையோடு உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் மிஷின்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

“பயம் வேண்டாம்னு எழுதினீங்களே மிஸ்! யாருக்கு வேண்டாம்? உங்களுக்கா, எனக்கா? போன் போகல, தந்தி போகல. எம் புள்ளையோட அப்பா எங்க கீறாருன்னு இப்ப சொல்லுங்க. உங்க சீட்டை எடுத்து வெச்சுச் சொல்லுங்க!”

கரோல் மிஸ் எழுந்து நின்றார். அவள் கத்தி ஓய்ந்து, ஏழாம் நம்பர் மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதை அவள் தொடவில்லை. அன்று சாயங்காலம் பலகையைத் துடைத்து உள்ளே கொண்டுவந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். கதவைப் பூட்டும்போது பெயர் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு ஷகீலா திரும்பவும் வந்தாள். அதற்கு மறுநாள் ஞாயிறு. அன்றைக்கும் கரோல் மிஸ் பூசை முடிந்து வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளும் வந்தாள். பிறகு அது தினப்படி ஆயிற்று. வருவாள், திட்டுவாள், கொஞ்ச நேரம் உட்காருவாள், போவாள். சீட்டைத் திட்டினாள், பலகையைத் திட்டினாள். ஒரு நாள் வேறு ஒன்றும் கிடைக்காமல், பத்து வருஷத்துக்கு முன்னால் தன் விரலில் மிஸ் ஸ்கேலால் தட்டியதற்குத் திட்டினாள். கரோல் மிஸ் எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அவள் திட்டுவது பொய்த்துப்போன ஒரு பலனுக்காக. தான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கோபுரம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

மேத்யூ ஃபாதரிடம் போய்ச் சொன்னார். இந்தத் தடவை இருமல் வரவில்லை. “என்கிட்ட சொன்னா போதாது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு” என்றார் ஃபாதர். சொல்லத்தான் நினைத்தார். மூன்று மணிக்கு அவள் முகத்தைப் பார்த்ததும், காதர் வந்து சேரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தோன்றிவிடும். காதர் வராமலே போய்விட்டால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து போய் ஏதாவது ஒரு மிஷினுக்கு எண்ணெய் போட்டார்.

கைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு மனு அடித்தார்: காதரின் பெயர், பாஸ்போர்ட் எண், குவைத்தில் வேலை பார்த்த இடம், வீட்டு விலாசம். தகவல் சொல்ல வேண்டிய டெலிபோன் என்று தன் நிலையத்து எண்ணைப் போட்டார். மூன்று பிரதி எடுத்துக் கையெழுத்துக்காக நீட்டினார். “கமா ஒண்ணு விட்டுப்போச்சு” என்று அதற்கும் சீறினாள் ஷகீலா. கரோல் மிஸ் கமாவைப் போட்டு மறுபடி அடித்தார்.

விஷயம் பரவியது. புருஷனையோ மகனையோ குவைத்தில் வைத்துக்கொண்டு தவித்தவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். தி. நகரிலிருந்து வந்தார்கள், அடையாறிலிருந்து வந்தார்கள். மகனைக் குவைத்தில் சமையல் வேலைக்கு அனுப்பியிருந்த நொச்சிக்குப்பத்து தேவானை மீன்கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து, “எழுதத் தெரியாது கண்ணு, நீயே எழுதிப் போடு” என்றாள். லோயர் பிள்ளைகளுக்கு ஏ எஸ் டி எஃப் பயிற்சியை நிறுத்திவிட்டு, “இதை அடிங்க, தப்பில்லாம” என்று மனுக்களைக் கொடுத்தார் கரோல் மிஸ். அந்த வருஷம் பரீட்சை எழுதியவர்களுக்கு வேறு எது வந்ததோ இல்லையோ, ‘பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்’ கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வந்தது.

வேம்பு மாமா தினமும் பேப்பரைக் கத்தரித்துக் கொண்டுவந்தார். “குவைத்துலேர்ந்து நம்மவாள்லாம் பாக்தாத் வழியா பஸ்ல ஜோர்டானுக்கு வந்துண்டிருக்காளாம். அங்கேர்ந்து நம்ம சர்க்கார் பிளேன்ல பம்பாய்க்கு அழைச்சுண்டு வரா. வந்துடுவான்மா, பயப்படாதே” என்று ஷகீலாவிடம் சொல்வார். அவள் கரோல் மிஸ்ஸைத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

ஒரு நாள் கெஞ்சினாள். “ஜோர்டானுக்குப் பாருங்க மிஸ். நாடுதானே? உங்க ரூல்ல வருதே.”

“சீட்டைத் தொடமாட்டேன் ஷகீலா.”

“அன்னிக்கு மட்டும் தொட்டீங்க!”

சொல்லிவிடுவதற்கு அதுதான் நேரம். கரோல் மிஸ்ஸின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. குழந்தை வீறிட்டு அழ, அவள் எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் மூன்றாவது வாரம் ஒரு முற்பகலில் டெலிபோன் அடித்தது. நல்லவேளை, அன்று மழை இல்லை.

“அலோ, மிஸ்ஸா? நான் காதர் பேசறேன். பம்பாய்ல கீறேன். நல்லா கீறேன் மிஸ். ஷகீலாகிட்ட சொல்லிடுங்க, நாளைக்கு ரயில் ஏறிடுவேன்.”

கரோல் மிஸ் என்ன பதில் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. செருப்பு போடாமல், வந்த ஆட்டோவைக் கவனிக்காமல், கச்சேரி ரோட்டைத் தாண்டி எதிர்ச் சந்துக்குள் ஓடினார். ஷகீலா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இவர் ஓடிவருகிற கோலத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. “வந்துட்டான்! பம்பாய் வந்துட்டான்! நல்லா இருக்கான்!” என்று மூச்சு வாங்கக் கத்தினார் கரோல் மிஸ். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, சோப்பு நுரையும் கண்ணீருமாக, அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அன்று சாயங்காலம் கதவைப் பூட்ட அரை மணி நேரம் ஆயிற்று. அமைச்சகத்து குமாஸ்தா, பஸ் ஓட்டிய ஊர் பேர் தெரியாத டிரைவர், பைலட், டெலிபோன் கம்பத்தில் ஏறி லைனைச் சரிசெய்தவர் என்று ஒருவரையும் விடவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் காதரும் ஷகீலாவும் வந்தார்கள். காதர் பாதியாக இளைத்திருந்தான். வாசலிலேயே வேம்பு மாமா அவனைப் பிடித்துக்கொண்டார். “பாலைவனத்துல கூடாரத்துல இருந்தியாமே, ஆகாரத்துக்கு என்னப்பா பண்ணினே? எங்காத்துல தினம் உன்னப் பத்தித்தான் பேசிண்டிருந்தோம்” என்று தொடங்கினார். ஷகீலா மட்டும் டிபன் கேரியரில் பிரியாணியோடு உள்ளே வந்து மேஜைமேல் வைத்தாள். மிஷின்களின் சத்தத்தில் அவர்கள் பேச்சு வேறு யாருக்கும் கேட்காது.

கரோல் மிஸ் பிரியாணியைத் தொடவில்லை. இழுப்பறையிலிருந்து கோபுரச் சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“ஷகீலா, அன்னிக்குக் குவைத்துக்கு வந்தது இது. இருக்கிறதுலயே கெட்ட சீட்டு. உன் வீட்டுக்காரரையும் குழந்தையையும் பார்த்தேன். எனக்கு மனசு வரல. மாத்தி எழுதிட்டேன். நீ என்னை எவ்வளவு திட்டினாலும் தகும்.”

ஷகீலா சீட்டைக் கையில் எடுத்து, விழுகிற இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது எனக்குத் தெரியாது மிஸ்” என்றாள். “அப்பவே சொல்லியிருந்தா இன்னும் நாலு சேர்த்து வாங்கியிருப்பீங்க.” பிறகு சீட்டைக் கீழே வைத்தாள். “உங்களுக்கும் ஒண்ணு தெரியாது. போர்டு பார்க்க வர்றதுக்கு முன்னாடி, வியாழக்கிழமையே அவரு டிக்கெட்டை கன்ஃபார்ம் பண்ணிட்டாரு. சட்டை துவைக்கிறப்ப பாக்கெட்ல பார்த்தேன். போர்டுல நீங்க இடி விழும்னு எழுதியிருந்தாலும் போயிருப்பாரு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இங்க கூட வந்து நின்னேன்.”

கரோல் மிஸ்ஸுக்குப் புரியவில்லை. “அப்ப தினம் வந்து என்னை ஏன் திட்டினே?”

“பின்ன யாரைத் திட்டறது மிஸ்?” என்றாள் ஷகீலா. “அவரு மேலதான் கோவம். ஆனா உசுரோட கீறாரான்னே தெரியாதவரை எப்படித் திட்டறது? நாக்கு எழும்பல. அல்லாவைத் திட்ட முடியுமா? வீட்டுல மாமியார் அழுதுகினே இருக்காங்க, அவங்களை ஒண்ணு சொல்ல முடியுமா? நீங்க இருந்தீங்க. இங்க வந்து கொட்டிட்டுப் போனாத்தான் வீட்டுல போய் ஒரு வாய் சாப்பிட முடிஞ்சுது, குழந்தைக்குப் பால் குடுக்க முடிஞ்சுது. ஒரு நாளாவது நீங்க கதவைச் சாத்தியிருக்கலாம். ஞாயித்துக்கிழமைகூடத் திறந்து வெச்சீங்க. அதுக்குத்தான் நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

கரோல் மிஸ் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்தும் தெளியவில்லை, ஈரம் கண்ணாடியில் இல்லை. இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். தனக்கு ஒருத்தர் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று பழக்கமில்லை. அப்பா போனபிறகு, பரீட்சைக்காக இல்லாமல் தனக்காக என்று தினமும் ஒரு ஆள் தேடி வந்தது இந்த ஒன்றரை மாதம்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஷகீலா காலி டப்பாவை அப்புறம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

“ஷகீலா” என்றார் கரோல் மிஸ். “நாளைக்கு மூணு மணிக்கு வருவியா?”

“திட்டறதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே மிஸ்.”

“ஏதாவது கிடைக்கும். நீ வா.”